அழியும் எழுத்து
(மாத்தளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எறும்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "அதுக்கு எதுக்கு ஐயா ஒரு கூட்டம்? சீனிப் போத்தலைத் திறந்து வச்சா அதுகளே கூட்டம் போடுமே" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் நான் இன்று பேச வந்ததும் அதைத்தான். போத்தல் திறந்திருக்கிறது என்று அந்தக் கூட்டத்துக்கு யார் சொன்னது? முதலில் வந்தது ஒற்றை எறும்பு. அது திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் சுவரில் ஒரு கறுப்புக் கோடு. அந்த எறும்பு நம் காதுக்கு எட்டும்படி கூவவில்லை, மற்றவற்றின் கையைப் பிடித்து இழுத்து வரவுமில்லை. வந்தவையில் பெரும்பாலானவை அந்த முதல் எறும்பைச் சந்தித்திருக்கவும் மாட்டா. இருந்தும் எல்லாம் ஒரே கோட்டில் வருகின்றன.

இதை விளக்க இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே காத்து வந்த பௌத்த மறைநூலான திரிபிடகத்தைப் பிக்குகள் அங்கே வைத்துத்தான் ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு. போரும் பஞ்சமும் வந்து, மனப்பாடம் செய்தவர்கள் மடிந்துபோனால் எல்லாமே போய்விடும் என்ற பயம். பேசுபவர் இருக்கும்வரைதான் பேச்சு இருக்கும். எழுத்து அப்படியல்ல, எழுதியவர் எழுந்து போன பிறகும் வாசிக்கலாம். எறும்பு நிலத்தில் விட்டுச் செல்லும் வாசனைத் தடமும் எழுத்து வகையைச் சேர்ந்ததுதான். எழுதிய எறும்பு புற்றுக்குள் போய்விட்டது, வாசிக்கும் எறும்பு இப்போதுதான் வெளியே வருகிறது.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. அலுவிகாரையில் எழுதியவர்கள், அழியக்கூடாது என்று எழுதினார்கள். எறும்பு எழுதுவது அழிய வேண்டிய எழுத்து. அது அழியாவிட்டால் எறும்புக்கு ஆபத்து. இதைத்தான் இன்று உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

வாசனையால்தான் எறும்பு வழி கண்டுபிடிக்கிறது என்ற ஊகம் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெனீவாவில் வாழ்ந்த சார்ள்ஸ் பொனே என்ற இயற்கையியலாளர், எறும்பு வரிசையின் குறுக்கே விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். வந்த எறும்புகள் அந்த இடத்தில் நின்று தடுமாறின. சிறு பிள்ளைகள் எல்லோரும் செய்யும் வேலைதான். அவர் அதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்தார், நாம் அடி வாங்கினோம். அந்த வாசனை எறும்பின் உடம்பில் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை கிடைக்க மேலும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின. விடை கண்ட மனிதரின் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

எட்வர்ட் ஓ. வில்சன். அமெரிக்கர், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர், 2021இல் காலமானார். 1955இல், இளைஞராக இருந்தபோது, அவர் இலங்கைக்கு வந்தார். யானை பார்க்கவோ சிகிரியா ஏறவோ அல்ல. ஒரு சின்ன மஞ்சள் நிற எறும்பைத் தேடி வந்தார். அனியூரிட்டஸ் சிமோனி என்பது அதன் பெயர். 1890களின் தொடக்கத்தில் சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிருந்து கொண்டுபோனதை, 1893இல் எமெரி என்ற இத்தாலியர் விவரித்துப் பெயரிட்டிருந்தார். இந்த எறும்புக்கு ஏன் இத்தனை மதிப்பு? இதன் சொந்தக்காரர்கள் எல்லோரும் இப்போது பால்டிக் அம்பர் போன்ற புதைபடிவங்களில்தான் இருக்கிறார்கள். ஒரு முழு உப குடும்பத்தில் உயிரோடு எஞ்சியிருப்பது இந்த ஓர் இனம் மட்டும். உலகில் வேறெங்கும் இல்லை, இலங்கையில் மட்டும் உண்டு.

வில்சன் முதலில் கண்டியில், உடவத்தகெலே காட்டில் தேடினார். நம் மாத்தளையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். அங்கே கிடைக்கவில்லை. பிறகு தெற்கே இரத்தினபுரிக்குப் போனார். அங்கே தரையில் கிடந்த ஓர் உள்ளீடற்ற சுள்ளியை எடுத்து ஒடித்தார். உள்ளேயிருந்து மஞ்சள் எறும்புகள் கொட்டின. இரத்தினபுரிக்கு வருகிறவர்கள் வழக்கமாகத் தேடுவது வேறு. அவருக்கு அந்தச் சுள்ளி போதும். அடுத்த ஆண்டே அந்த எறும்பின் வாழ்க்கை பற்றிய விரிவான கட்டுரை வெளிவந்தது.

இங்கிருந்து போன நான்காம் ஆண்டு, 1959இல், வில்சன் நெருப்பெறும்பை எடுத்துக்கொண்டார். கொட்டினால் தோலில் கொப்புளம் போடும் இந்தச் செவ்வெறும்பு இனத்தின் நெருங்கிய உறவினர் நம் ஊரிலும் உண்டு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்து பரவியது. ஓர் எறும்பின் வயிற்றைத் திறந்து, ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்தெடுத்து, தனித்தனியாக நசுக்கி, கண்ணாடித் தட்டில் ஒரு குச்சியால் கோடாக இழுத்துப் பார்த்தார். எறும்பின் உறுப்புகள் என்றால் அளவை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்குத் தூசு. பின்குடலைத் தேய்த்தார், பலன் இல்லை. நச்சுச் சுரப்பியைத் தேய்த்தார், அதுவும் இல்லை. கொடுக்கின் அடியில் டுஃபூர் சுரப்பி என்று விரல் நீட்டியது போன்ற ஒரு சிறு உறுப்பு. அதைத் தேய்த்து இழுத்தபோது எறும்புகள் புற்றிலிருந்து திமுதிமுவென்று வெளியே ஓடிவந்து, கோடு முடியும் இடம்வரை போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திகைத்து நின்றன. ஏற்கெனவே வெளியே திரியும் எறும்புகளுக்கு அந்தக் கோடு வழிகாட்டும் என்று மட்டும்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். உள்ளே சும்மா இருந்தவையும் எழுந்து வந்தன. வழியும் அழைப்பும் அந்த ஒரே வாசனையில் இருந்தன.

அதே 1959இல்தான், ஓர் உயிர் வெளிவிட்டுத் தன் இனத்தின் மற்றொன்றை ஒரு விதமாக நடந்துகொள்ளவைக்கும் இரசாயனப் பொருளுக்கு 'பெரமோன்' என்ற பெயரும் பிறந்தது. கார்ல்சன், லூஷர் என்ற இருவர் வைத்த பெயர்.

இரத்தினபுரிச் சுள்ளிக்குத் திரும்புவோம். 1981இல் ஜேம்ஸ் ட்ரானியெல்லோ என்பவரும் அனுலா ஜயசூரியவும் சேர்ந்து, அந்த அனியூரிட்டஸ் எறும்பு தடம் போடுவது எப்படி என்று ஆராய்ந்து எழுதினார்கள். அதன் தட வாசனை டுஃபூர் சுரப்பியிலிருந்து வரவில்லை. வயிற்றின் அடிப்புறத் தகட்டிலுள்ள ஒரு சுரப்பியிலிருந்து வந்தது. ஆபத்துச் செய்தி முதுகுப்புறச் சுரப்பியிலிருந்து. உலகெங்குமுள்ள எறும்புகளைப் பார்த்தால் இந்த வேற்றுமை பளிச்சென்று தெரியும். இலை வெட்டும் எறும்பு நச்சுச் சுரப்பியால் எழுதுகிறது. நம் மாமரத்து முசுறு மலக்குடலை ஒட்டிய சுரப்பியால் எழுதுகிறது. இத்தனை எறும்பினங்கள் தனித்தனியாக, வெவ்வேறு உறுப்பைக் கொண்டு, அதே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கு எறும்புகளின் கதையில் மிகப் பெரிய வியப்பு இதுதான்.

மையின் வலிமையைப் பற்றி ஒரு கணக்கு. டெக்ஸாஸ் பக்கத்தில் வாழும் இலை வெட்டும் எறும்பின் தடப் பொருளை 1971இல் டம்லின்சன் குழுவினர் பிரித்தெடுத்து அடையாளம் கண்டனர். அதில் ஒரு மில்லிகிராமை ஒழுங்காகப் பங்கிட்டுப் பூசினால் பூமியைச் சுமார் மூன்று முறை சுற்றி எறும்பு வரிசையை நடத்திச் செல்லலாம். ஒரு மில்லிகிராம் என்பது ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு வலிமையான மை இருக்கும்போது, நிரந்தரமாக நிற்கும் கோடு போட்டுவிட்டால் என்ன? வில்சன் 1962இல் வெளியிட்ட அளவீடு இதுதான்: நெருப்பெறும்பு ஒன்று தனியாகப் போட்ட தடம் ஏறத்தாழ 100 விநாடிக்குள் மற்றவை உணரக்கூடிய அளவுக்குக் கீழே போய்விடுகிறது. இரண்டு நிமிடம்கூட இல்லை. எறும்பு சோம்பேறியாக எழுதியதால் இப்படி ஆகவில்லை. உணவு கிடைத்த எறும்பு மட்டும் திரும்பும்போது எழுதும். வெறுங்கையோடு திரும்புவது எழுதாது. உணவு பெரிதாக இருந்தால் போனவையெல்லாம் எழுதிக்கொண்டே வரும், மேலும் மேலும் எழுத்து ஏறி, மேலும் மேலும் எறும்புகள் இழுபடும். உணவு தீர்ந்துபோனால் எழுதுவது நிற்கும்; இரண்டு நிமிடத்தில் கோடு காற்றோடு போகும். இதற்கு ஒரு மேலாளர் வேண்டாம், கணக்கப்பிள்ளை வேண்டாம், "போதும் நிறுத்துங்கள்" என்று சொல்ல ஒருவரும் வேண்டாம். காற்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

கோடு அழியாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. பெல்ஜியத்தில் டெனுபூர் குழுவினர் 1980களின் இறுதியில் ஒரு சோதனை செய்தார்கள். புற்றுக்கும் உணவுக்கும் இடையே இரண்டு பாலங்கள், ஒன்று குட்டை, மற்றது நெட்டை. இரண்டையும் ஒன்றாக வைத்தால் அர்ஜென்டீன எறும்புகள் சில நிமிடங்களில் குட்டைப் பாலத்துக்குக் கூடிவிடுகின்றன. குட்டைப் பாலத்தில் போனவை சீக்கிரம் திரும்புகின்றன, அதனால் அங்கே எழுத்து சீக்கிரம் தடிக்கிறது. இவ்வளவுதான் இரகசியம், எந்த எறும்பும் அளந்து பார்க்கவில்லை. ஆனால் முதலில் நெட்டைப் பாலத்தை மட்டும் கொடுத்து, எல்லாம் அதில் பழகிய பின் குட்டைப் பாலத்தை வைத்தார்கள். எறும்புகள் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய எழுத்து அவ்வளவு தடித்திருந்தது. இலகுவான வழி பக்கத்திலேயே கிடக்க, சுற்று வழியிலேயே நடந்தன. நம்மில் யாருக்கும் இது பழக்கமில்லாத விஷயமா?

இதைவிடக் கொடுமையான ஒன்றை வில்லியம் பீபி 1921இல் வெளிவந்த தன் நூலில் விவரித்திருக்கிறார். அப்போதைய பிரித்தானிய கயானாவின் காட்டில், படையெறும்புகளின் ஒரு கூட்டம் தன் சொந்தத் தடத்தையே பின்தொடர்ந்து வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வட்டத்தின் சுற்றளவு 1,200 அடி. ஓர் எறும்பு ஒரு முறை சுற்றி வர இரண்டரை மணி நேரம். முன்னால் போவது எழுத, பின்னால் வருவது வாசித்து அதன்மேல் எழுத, இரண்டு நாள் அப்படியே சுற்றி, பெரும்பாலானவை அங்கேயே செத்தன. மறக்கத் தெரியாத எழுத்து செய்யும் வேலை அது.

கணினிக்காரர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். மார்க்கோ டோரிகோ என்ற இத்தாலியர் 1992இல் மிலானில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வில், எறும்புகளைப் போலச் சிறந்த வழி தேடும் ஒரு கணக்கீட்டு முறையை உருவாக்கினார். பல ஊர்களைச் சுற்றிப் பொருள் விநியோகிக்கும் வாகனம் எந்த வரிசையில் போனால் தூரம் குறையும் என்பது போன்ற கேள்விகளுக்கு அது உதவுகிறது. அந்தக் கணக்கில் 'ஆவியாதல்' என்று ஒரு எண் உண்டு. பழைய தடத்தை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதற்காக அது. அதை எடுத்துவிட்டால், முதலில் அகப்பட்ட அரைகுறை வழியிலேயே கணினியும் சிக்கிக்கொள்ளும்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். சமையலறைச் சுவரில் மிகச் சின்னதாக, மஞ்சளாக, கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் எறும்பு ஒன்று உண்டு. பார்வோன் எறும்பு என்று உலகமெங்கும் பெயர். இதன் தடத்தில் ஒரு புதிர் இருந்தது. கோட்டில் அம்புக்குறி கிடையாது. வழியில் தூக்கி வைக்கப்பட்ட எறும்புக்கு, புற்று எந்தப் பக்கம், உணவு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஜாக்சன், ஹோல்கம், ரட்னீக்ஸ் ஆகியோர் 2004இல் விடை சொன்னார்கள். புற்றிலிருந்து வெளியே போகும் பாதை கிளை பிரியும்போது இரண்டு கிளைகளுக்கு நடுவே சுமார் 60 பாகைக் கோணம் இருக்கிறது. தவறான திசையில் போகும் எறும்பு ஒரு கவட்டைச் சந்திக்கும்போது அந்தக் கோணம் தலைகீழாக வருகிறது. உடனே திரும்பிவிடுகிறது. கோட்டின் வடிவமே அம்புக்குறி.

அடுத்த ஆண்டு அதே ஆய்வுக் குழு இன்னொன்றையும் கண்டது. உணவு இல்லாத கிளையின் வாசலில் இந்த எறும்பு வேறொரு வாசனையை வைக்கிறது, "இந்தப் பக்கம் வராதே" என்று. இந்தத் தடைக்குறி, வழிகாட்டும் குறியைவிட ஏறத்தாழ இரு மடங்கு நேரம் நிற்கிறது. எழுதும் பரப்பும் முக்கியம்: வழிகாட்டும் தடம் பிளாஸ்டிக்கில் சராசரியாக 9 நிமிடம் இருந்தால், பத்திரிகைக் காகிதத்தில் 3 நிமிடம். காகிதம் உறிஞ்சிவிடுகிறது. பத்திரிகையில் வரும் செய்திகளின் ஆயுளும் இப்போது அவ்வளவுதான் என்பது வேறு கதை.

ஒவ்வொரு செய்திக்கும் ஒவ்வோர் ஆயுள் என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது முசுறு. சிங்களத்தில் 'திமியா' என்பார்கள். மா, பலா, கொக்கோ என்று இந்த மாவட்டத்தில் இலை தைத்துக் கூடு கட்டாத மரம் குறைவு. மாங்காய் பறிக்க ஏறி, சாரத்துக்குள் முசுறு புகுந்து, ஏறியதைவிட வேகமாக இறங்கிய அனுபவம் இங்கே பலருக்கும் இருக்கும். இதன் ஆப்பிரிக்கச் சகோதரியை 1970களில் ஹோல்டோப்ளரும் வில்சனும் ஆராய்ந்து, கூட்டாளிகளை அழைக்க ஐந்து வெவ்வேறு முறைகளை அது வைத்திருக்கிறது என்று எழுதினார்கள். உணவுக்கு அழைக்க நீண்ட தடம், வாயைத் திறந்து ருசி காட்டும் அசைவுடன். பகைவன் வந்தால் வேறு சுரப்பியால் போடும் குட்டைத் தடம். புதிய மரத்தைப் பிடிக்க, குடிபெயர, தொலைவில் நடக்கும் சண்டைக்கு ஆள் திரட்ட என்று மற்றவை. உடல் குலுக்கலும் தொடுகையும் சேர்ந்தால்தான் பொருள் முழுமையாகும்.

அதன் தாடைச் சுரப்பியிலிருந்து வரும் அபாயச் செய்தி ஒரு கலவை. பிராட்ஷா முதலானோர் 1975இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள். மிக இலேசான பொருள் முதலில் பரவி எறும்புகளை உஷாராக்குகிறது, சீக்கிரம் கலைகிறது. அடுத்தது கொஞ்சம் மெதுவாகப் பரவி, அந்தப் பக்கம் இழுக்கிறது. கனமானவை கிட்டத்தில் மட்டும் நின்று, "கடி" என்கின்றன. ஒரு துளியிலிருந்து மூன்று வட்டங்கள். நீங்கள் கிளையைப் பிடித்த கணத்தில் தூரத்தில் உள்ளது தலை தூக்கும், நடுவில் உள்ளது ஓடி வரும், பக்கத்தில் உள்ளது வேலையைத் தொடங்கிவிடும்.

முசுறின் உருவத்தை அப்படியே நகலெடுத்த சிலந்தி ஒன்றும் நம் மாமரங்களில் திரிகிறது. முன்னங்கால்களை உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டு நடக்கும். பறவைகளையும் குளவிகளையும் ஏமாற்றுகிறது. ஆனால் முசுறுக்குக் கிட்டே போகாமல் ஒதுங்கியே நடக்கும். கிட்டே போனால் முகர்ந்து பார்ப்பார்களே!

எல்லா எறும்பும் இப்படி எழுதும் என்று நினைத்துவிட வேண்டாம். தரையில் தனியாக வேட்டையாடும் டயகம்மா என்ற கறுப்பு எறும்பு இலங்கையிலும் இந்தியாவிலும் உண்டு. அது வீடு மாறும்போது ஒன்று முன்னே போக, மற்றொன்று அதன் வயிற்றைத் தொட்டுக்கொண்டே பின்னே போகும். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்கும் பழைய குருகுல முறை. கூட்டம் சிறிதாக இருக்கும்போது அது போதும். மறுபக்கம், கறையான்களில் எறும்பை மிஞ்சும் எழுத்தாளர்கள் உண்டு. இலங்கையின் கறுப்புக் கறையான் மரப்பாசி சேகரிக்கப் பெரும் ஊர்வலமாக வெளியே வரும். 1911இல் கார்ல் எஷரிக் என்ற ஜெர்மானியர் இலங்கைக் கறையான்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதைப் பற்றிப் பேச இன்னொரு மாலை வேண்டும்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மிளகுக் கொடியிலோ கொக்கோ மரத்திலோ நாள் கணக்கில், ஒரே இடத்தில், மழை பெய்து ஓய்ந்த பிறகும் திரும்பத் திரும்ப அதே எறும்புக் கோடு தோன்றினால், மேலே தீராத உணவு ஒன்று இருக்கிறது என்று பொருள். அழியக்கூடிய எழுத்து அழியாமல் நிற்கிறதென்றால் யாரோ ஓயாமல் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது வெள்ளை மாப் பூசினாற்போல் ஒட்டியிருக்கும் மாவுப் பூச்சியோ செதில் பூச்சியோ. அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும். எறும்புக்கு மருந்தடிப்பதற்கு முன் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: சுவரில் கோட்டைக் கண்டதும் எறும்புகளைக் கொல்வதால் பயனில்லை. கோடு இருக்கும்வரை புதியவை வரும். உணவை மூடிவிட்டு, சவர்க்கார நீரில் நனைத்த துணியால் கோட்டைத் துடைத்தால் போதும். நம் ஊரில் கராம்புக்கும் கறுவாவுக்கும் பஞ்சமில்லை. அவற்றின் எண்ணெயைத் துணியில் தொட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. மண்ணெண்ணெய் வேண்டாம்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் விஞ்ஞான ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு தட்டில் சீனித் தண்ணீர், ஒரு கைக்கடிகாரம், எறும்பு நடந்து வர ஒரு பாலம். பாலத்துக்கு ஒரு நாள் கண்ணாடித் துண்டு, மறுநாள் பத்திரிகை, அடுத்து வாழை இலை, ஒரு சீமெந்துக் கல். உணவை எடுத்த பின் எத்தனை நிமிடம் வரிசை நிற்கிறது என்று மாணவர்கள் எழுதி வைக்கட்டும். வெயிலில் ஒரு தடவை, ஐப்பசி மழையில் ஒரு தடவை. ஆய்வுகூடம் தேவையில்லை, பணமும் தேவையில்லை. நக்கிள்ஸ் மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது தரையில் கிடக்கும் உக்கிய சுள்ளிகளைக் கூட்டிக் கொளுத்த வேண்டாம், ஒன்றிரண்டை மெதுவாக ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அனியூரிட்டஸ் இன்று அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. அது வாழ்வது இப்படிப்பட்ட சுள்ளிகளுக்குள்ளும்தான்.